ஆறாவது வரி

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு லென்ஸ்காரன் ஓர் அட்டையைச் சுட்டுப் பொசுக்கினான். வேண்டுமென்று செய்யவில்லை. அவன் வாழ்க்கையில் வேண்டுமென்று செய்த எந்தக் காரியமும் இவ்வளவு முழுமையாக நடந்தேறியதில்லை.

நடந்தது இதுதான். ஒரு பிளாஸ்டிக் ஃப்ரேமின் காதுப்பகுதியைச் சூடாக்கி வளைக்க வேண்டியிருந்தது. மேசையெல்லாம் லென்ஸ் பாலிஷ் பசை. ஃப்ரேமை எதன்மேல் வைப்பது என்று சுற்றுமுற்றும் பார்த்தவனுக்குப் பக்கத்து டெஸ்ட் ரூம் மேசையில் கிடந்த ஓர் அட்டை கண்ணில் பட்டது. வழவழவென்று லேமினேஷன் போட்டது. அதைக் கொண்டுவந்து விரித்து, ஃப்ரேமை வைத்து, ஹீட்டரைத் திருப்பிவிட்டான். அப்போது போன் அடித்தது. யாரோ தன் கண்ணாடி தயாரா என்று கேட்டார். "பத்தே நிமிஷம்" என்று, கண்ணாடிக் கடைகள் தோன்றிய நாளிலிருந்து சொல்லப்பட்டுவரும் அந்தப் பொய்யைச் சொன்னான். சொன்னதோடு நிறுத்தாமல் அதற்கு ஆதாரமாக நாலு கதையும் விட்டான். திரும்பி வந்தபோது ஃப்ரேமுக்கு ஒன்றும் ஆகவில்லை. அட்டை மட்டும் காய்ந்த வாழைச்சருகாகச் சுருண்டு, எழுத்தெல்லாம் கொப்பளித்துக் கிடந்தது.

முன்னறையில் கவுண்டரில் இருந்த அக்காவின் குரல் வந்தது. "என்னடா, ஏதோ தீயுற வாசனை?"

"வெளியிலேருந்து வருது அக்கா."

அக்கா எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள். "வெளியில எது தீஞ்சாலும் உன் மூஞ்சி இப்படி ஆகாதே."

அது கிட்டப்பார்வை அட்டை. நாற்பதைத் தாண்டியவர்கள் கையில் பிடித்துப் படிப்பதற்கு வைத்திருப்பது. மொத்தம் ஆறு வரி. முதல் வரி கட்டைவிரல் நகம் அளவு எழுத்து. வரி இறங்க இறங்க எழுத்து சிறுத்து, ஆறாவது வரி எறும்புகள் வரிசையாகப் போவதுபோல இருக்கும். எத்தனை வரி தெரிகிறதோ அதை வைத்துக் கண்ணாடியின் பவரை முடிவு செய்வார்கள். பன்னிரண்டு வருடமாக அந்தக் கடையின் பின்னறையில் லென்ஸ் உரசுகிறவன், அந்த அட்டையை ஒருநாளும் படித்ததில்லை. கண் நன்றாக இருந்த வருடங்களில் தேவைப்படவில்லை, அதற்கப்புறம் எப்படிப் படிப்பான்? நாற்பத்தேழு வயது. அவனுக்கே கிட்டத்தில் இருப்பது தெரியாமல் போய் நான்கு வருடமாகிவிட்டது. கண்ணாடிக் கடைக்காரனே கண்ணாடி போட்டால் ஊர் சிரிக்கும் என்று, விற்பனைக்கு வைத்திருந்த ரெடிமேட் கண்ணாடி ஒன்றைத் திருட்டுத்தனமாக மாட்டிக்கொண்டுதான் பின்னறையில் வேலை பார்த்தான். யாராவது வந்தால் கழற்றிப் பேண்ட்டின் பின்பைக்குள் போட்டுக்கொள்வான். அப்படியே உட்கார்ந்து மூன்றை உடைத்ததும் உண்டு.

அத்தான் வந்தார். அக்காவின் வீட்டுக்காரர், கடை அவருடையது, கண் பரிசோதிப்பதும் அவர்தான். நாள் முழுக்க ஆளுக்கு நாற்பது தடவை லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு "இது தெளிவா இருக்கா, அதுவா? முதல்ல போட்டதா, இப்ப போட்டதா?" என்று கேட்டுக் கேட்டு, அந்த மனிதருக்கு வேறு விதமாகப் பேசவே வராமல் போய்விட்டது. மழை வருமா என்று கேட்டால்கூட, "காலையில இருந்ததைவிட இப்ப இருட்டா இருக்கா?" என்பார். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொன்னதை லென்ஸ்காரன் இதுவரை கேட்டதில்லை.

"அத்தான், சின்ன தப்பு நடந்துபோச்சு" என்று அட்டையை நீட்டினான்.

அவர் அதை வாங்கினார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். அவன் திட்டுக்குத் தயாராக நின்றான். அவரோ இன்னும் சூடு ஆறாத அந்தச் சருகைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு டெஸ்ட் ரூமுக்குப் போய்த் திரைச்சீலையை இழுத்துவிட்டார்.

அங்கேதான் லென்ஸ்காரனுக்கு அரிப்பு தொடங்கியது. பாழாய்ப்போன அட்டையைக் குப்பையில் போடுவார்கள். சட்டைப்பையில், அதுவும் இடப்பக்கச் சட்டைப்பையில், யார் வைப்பார்கள்?

"புதுசு வாங்கிடலாம் அக்கா. கம்பெனிக்குப் போன் போட்டா நாளைக்கே வந்துரும்" என்றான்.

"திங்கட்கிழமைக்குள்ள வரணும். தையலம்மா வருவாங்க" என்றாள் அக்கா. அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் கேலி இல்லை.

தையலம்மாவை அந்தக் கடையில் எல்லோருக்கும் தெரியும். அவருடைய இரண்டு கண்ணிலும் நடுப்பகுதி மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துகொண்டு வந்தது. ஓரத்தில் இருப்பது தெரியும், நேரே பார்ப்பது தெரியாது. எந்தக் கண்ணாடியும் இனி உதவாது என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லி வருடக்கணக்கு ஆகிறது. ஆனாலும் மாதத்தின் முதல் திங்கட்கிழமை பத்து மணிக்கு வந்துவிடுவார். அத்தான் அட்டையைக் கொடுப்பார். அவர் படிப்பார். போய்விடுவார். போன வருடம் நான்கு வரி படித்தார். ஆடிக்கும் அமாவாசைக்கும் ஒரு வரி என்று குறைந்து, போன மாதம் இரண்டில் வந்து நின்றது. அதுவும் இரண்டாவது வரிக்கு ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

லென்ஸ்காரன் கம்பெனிக்குப் போன் செய்தான். பேசிய பெண் பொறுமைசாலி.

"கிட்டப்பார்வை அட்டைதானே சார்? விவசாயி கிணத்துக்குப் போறாரு, அதுதானே?"

"விவசாயியா? இதுல ஆறு வரி தனித்தனியா இருக்கும்மா. கவிதை மாதிரி."

"கவிதையெல்லாம் நாங்க போடுறதில்ல சார். எங்க அட்டையில விவசாயி கிணத்துக்குப் போறாரு, தண்ணி இறைக்கறாரு, மாடு குடிக்குது. முப்பது வருஷமா அதுதான் போயிட்டிருக்கு."

போனை வைத்தான். அப்படியானால் அந்த அட்டை எங்கிருந்து வந்தது? திரைச்சீலையை விலக்கித் தலையை நீட்டினான்.

"அத்தான், அந்த அட்டை எந்தக் கம்பெனி?"

"ஏன், அந்தக் கம்பெனி அட்டையைவிட இது சின்னதா இருந்துதா?"

"எழுதினது யாரு?"

"எழுத்து கறுப்பா இருந்துச்சா, நீலமா?"

பாறையில் முட்டினால் மண்டைதான் உடையும் என்று அக்காவிடம் போனான். "நீ படிச்சிருப்பியே அக்கா, அதுல என்ன இருந்துச்சு?"

அக்கா துடைத்துக்கொண்டிருந்த ஃப்ரேமை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "எரிச்சது நீ. விசாரணை மட்டும் எங்களையா?" என்று அடுத்த ஃப்ரேமை எடுத்துக்கொண்டாள்.

சரி, ஊரில் பாதிப் பேர் அந்த அட்டையைப் படித்தவர்கள்தானே, ஆளுக்கு ஒரு வரி கேட்டால் ஆறு வரி சேர்ந்துவிடாதா என்று கணக்குப் போட்டான். மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

முதலில் பஸ் டிரைவர். டிப்போ வாசலில் பெஞ்சில் சாய்ந்திருந்தார். போன வருடம் கண்ணாடி வாங்கியவர்.

"அட்டையா? ஞாபகம் இருக்கே. 'இங்கே உட்கார்.' அது முதல் வரி. நான் ஏற்கெனவே உட்கார்ந்துதான்யா இருந்தேன்."

லென்ஸ்காரனுக்குச் சுருக்கென்றது. பன்னிரண்டு வருடமாக அந்தத் திரைக்குப் பின்னாலிருந்து ஆள் மாற்றி ஆள் "இங்கே உட்கார்" என்று சொல்வதை அவன் கேட்டிருக்கிறான். வருகிறவர்களெல்லாம் அத்தானை ஏன் இப்படி ஒருமையில் அதட்டுகிறார்கள், அவரும் ஏன் பேசாமல் இருக்கிறார் என்று அவனுக்கு உள்ளூர வருத்தம்கூட உண்டு. மிச்சம் எதுவும் லென்ஸ் உரசும் சத்தத்தில் காதில் விழுந்ததில்லை.

"ரெண்டாவது வரி?"

"'அவசரம் ஒன்றுமில்லை, வெளியே வெயில்தான் காத்திருக்கிறது.' எனக்கு அது ரொம்பப் பிடிச்சுப்போச்சு. வண்டியில எவனாவது கத்தினா இப்பல்லாம் அதைத்தான் சொல்றது."

"மூணாவது?"

"அதுக்கு மேல எனக்குத் தெரியலப்பா. எதுக்குத் தெரியணும்? பஸ் நம்பர் அதைவிடப் பெருசாத்தானே எழுதியிருக்கு."

அடுத்து மருந்துக்கடைக்காரர். மாத்திரை அட்டையின் பின்னால் இருக்கும் தேதியைப் படித்தே கண் கூர்மையானவர். லென்ஸ்காரன் கேட்டதும், தராசில் எதையோ வைத்து நிறுப்பதுபோல நிதானமாக மூன்றாவதும் நான்காவதும் சொன்னார். 'தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல். நான் வருந்த மாட்டேன்.' 'தெரிவதை மட்டும் மெதுவாகப் படி, கேட்டுக்கொண்டிருக்கிறேன்.' மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் அவரே அதை எழுதியும் கொடுத்தார்.

"அஞ்சாவதும் இருக்கு. ஆனா சொல்ல ஒரு மாதிரியா இருக்கும்" என்றார்.

"பரவாயில்ல, சொல்லுங்க."

கடையில் வேறு யாரும் இல்லையா என்று பார்த்துக்கொண்டார். "'நீ பேசாத நாளிலும் உன் பக்கமேதான் திரும்பியிருக்கிறேன்.'" சொல்லிவிட்டுத் தொண்டையைச் செருமினார். "அன்னைக்கு வீட்டுக்குப் போய் என் சம்சாரத்துகிட்டச் சொன்னேன். காய்ச்சலான்னு நெத்தியில கை வச்சுப் பார்த்தா."

"ஆறாவது?"

"அதுதாங்க எனக்கு இன்னைக்கு வரைக்கும் குறை. அஞ்சு முடிச்சேன். ஆறும் தெரியுது, படிக்கறேன்னேன். 'போதும்'னு சொல்லி உங்க அத்தான் என் கையிலேருந்து அட்டையை வாங்கிட்டாரு. சும்மா வாங்கலீங்க. பிடுங்கினாருன்னுகூடச் சொல்லலாம்."

லென்ஸ்காரன் சைக்கிளை மிதிக்காமல் தள்ளிக்கொண்டே திரும்பினான். வழியில் மடக்கிய இன்னும் இரண்டு பேரும் அதே கதைதான் சொன்னார்கள். அவரவர் கண் எதுவரை போகிறதோ அதுவரைதான் அவரவருக்குக் கவிதை. ஆனால் நன்றாகத் தெரிகிறவர்களுக்கும் ஐந்தோடு சரி. அதற்குமேல் அத்தானின் கை குறுக்கே வந்துவிடும். காட்டக் கூடாத வரியை எதற்காக எழுத வேண்டும்? மறைக்க வேண்டிய வரியை எதற்காக ஊர் கையில் கொடுக்க வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை தையலம்மாவின் வீட்டுக்கே போனான். அவர் ஜன்னலோரத்தில் ஒரு தலையணை உறைக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தார். தையலைப் பார்க்கவில்லை, முகம் ஜன்னல் பக்கம் இருந்தது. கட்டைவிரல் துணியின் ஓரத்தில் முன்னால் போக, ஊசி அதன் பின்னாலேயே போனது. குழந்தை கையைப் பிடித்துக்கொண்டு நடப்பதுபோல.

"யாரு? லென்ஸ்காரத் தம்பியா? பாலிஷ் பசை வாசனை வருது. உட்காரு. நாளைக்கு நானே வரப்போறேன், அதுக்குள்ள என்ன?"

"அட்டையை எரிச்சுட்டேம்மா" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டான்.

ஊசி நின்றது. லென்ஸ்காரன் வாழ்நாளில் நிறையத் திட்டு வாங்கியிருக்கிறான். அப்படி நின்ற அந்த ஊசிக்கு அதெல்லாம் தேவலாம் என்று தோன்றியது.

"அஞ்சு வரி சேர்த்துட்டேன். புதுசா அச்சடிச்சு நாளைக்கு வச்சுருவேன். ஆறாவதுதான் கிடைக்கல. நீங்க அதைப் படிச்சிருக்கீங்களா?"

"ஒரே ஒரு தடவை. பதினோரு வருஷம் முன்னாடி, முதல்தடவை வந்தப்போ. அப்ப கண்ணு நல்லா இருந்துச்சு. அவர் கையை நீட்டுறதுக்குள்ள படிச்சுட்டேன்."

"என்னம்மா இருந்துச்சு?"

"அதுல என்ன சொல்லியிருந்துச்சோ அதைச் செஞ்சேன்."

"என்ன செஞ்சீங்க?"

"அதான் சொன்னேனே. சொல்லியிருந்ததைச் செஞ்சேன்." சிரித்தார். "எழுதினவர் மூடி வச்சிருக்கறதை நான் எப்படித் தம்பி திறந்து காட்டுறது?"

எழுதினவர். லென்ஸ்காரன் அந்தச் சொல்லை எடுத்துப் பத்திரப்படுத்திக்கொண்டான்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. கண்ணாடியும் வாங்கறதில்ல, பவரும் மாறப்போறதில்ல. எதுக்கு மாசாமாசம் வர்றீங்க?"

தையலம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "என் மகன் 'எல்லாம் சரியாயிடும்மா'ங்கறான். மருமக 'பார்த்து நடங்க, பார்த்து நடங்க'ங்கறா. பார்க்க முடிஞ்சா நடக்க மாட்டேனா? தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு, நான் வருந்த மாட்டேன்னு என்கிட்டச் சொல்றது இந்த உலகத்துலயே அந்த அட்டை ஒண்ணுதான். அப்புறம் இன்னொண்ணு. வர வர எனக்குக் கீழேயிருந்து ஒவ்வொரு வரியா போகுது. ஆனா எந்த வரியில நின்னாலும் அது அங்கேயே முடிஞ்ச மாதிரிதான் இருக்கு. குறைஞ்ச மாதிரி இருக்கறதில்ல. யோசிச்சுப் பாரு. நாலுல நின்னாலும் முழுசு, ரெண்டுல நின்னாலும் முழுசு. நாளைக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரிஞ்சாலும், 'இங்கே உட்கார்.' அது போதாதா ஒருத்தருக்கு?"

வீட்டுக்கு வந்த லென்ஸ்காரன், எப்படியாவது அந்த அட்டையைப் பழையபடி ஆக்கிவிட வேண்டும் என்று நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தான். கிடைக்காத ஆறாவது வரியைத் தானே எழுதிவிடுவது என்று முடிவு. கவிதை எழுதுவது லென்ஸ் உரசுவதுபோலத்தான், ஓரத்தைத் தேய்த்துக்கொண்டே போனால் பொருந்திவிடும் என்று நினைத்தான். முதலில், 'இது தெரிந்தால் உங்களுக்குக் கண்ணாடி தேவையில்லை' என்று எழுதினான். கடையை மூடவேண்டியதுதான் என்று அடித்தான். 'கண்ணே, நீயே என் கண்ணாடி' என்று எழுதி, யாரும் பார்ப்பதற்குள் அந்தத் தாளைக் கிழித்தே போட்டான். நாலு மணி நேரம் போராடி, கடைசியில், 'இவ்வளவு தூரம் வந்ததற்கு நன்றி' என்பதில் வந்து நின்றான். கல்யாண மண்டப வாசலில் எழுதி வைப்பதுபோல இருந்தது. ஆனாலும் அவனுக்கு அதற்குமேல் வரவில்லை.

திங்கட்கிழமை காலை கம்ப்யூட்டர் சென்டரில் அச்சடித்து, லேமினேஷனும் போட்டு, ஒன்பதரைக்கு அத்தான் கையில் கொடுத்தான். அவர் அதை மேலிருந்து படித்துக்கொண்டே வந்தார். ஐந்தாவது வரியில் அவர் காதுமடல் சிவந்தது. ஆறாவது வரியில் அவர் வாய் கொஞ்சம் கோணியது. பன்னிரண்டு வருடத்தில் அது சிரிப்பு என்று அடையாளம் காணக்கூடிய முதல் கோணல்.

"நல்லா இருக்கா அத்தான்?"

"முன்னாடி இருந்ததைவிடவா?" என்றார் அவர்.

பத்து மணிக்குத் தையலம்மா வந்தார். லென்ஸ்காரன் வேலை இருப்பதுபோல ஒரு லென்ஸைத் துடைத்துக்கொண்டே டெஸ்ட் ரூம் வாசலில் நின்றுகொண்டான். அவர் நாற்காலியில் உட்கார்ந்து அட்டையை வாங்கினார். கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி, கண்ணின் ஓரத்தால் தேடினார்.

"இங்கே... உட்கார்."

நிறுத்தினார். அட்டையைச் சாய்த்தார். கிட்டே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார். அத்தான் விளக்கை இன்னும் கிட்டே இறக்கிவிட்டார். சுவர்க்கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

"தெரியல" என்றார் தையலம்மா. "இந்த மாசம் ஒண்ணுதான்."

முந்தின நாள் ஒரு வரியே போதாதா என்று கேட்டவர்தான். ஆனால் சொல்வது வேறு, அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பது வேறு. அட்டையை மடியில் வைத்துக்கொண்டு அதன் வழவழப்பைக் கட்டைவிரலால் தடவினார். துணியாக இருந்தால் அந்த விரலுக்குத் தெரிந்திருக்கும்.

"அஞ்சு வரைக்கும் மனப்பாடமா ஒப்பிச்சுடுவேன். ஆனா ஒப்பிச்சா நானே எனக்குச் சொல்லிக்கறதுதான். படிச்சாத்தான் வேற யாரோ எனக்குச் சொல்ற மாதிரி இருக்கும்." எழுந்திருக்கப் போனவர், அத்தான் பக்கம் திரும்பினார். "உங்களைச் சங்கடப்படுத்தறேன். பதினோரு வருஷமா கேக்காததைக் கேக்கறேன். எழுதினது நீங்கதானே. எனக்குப் பெருசா எழுதித் தர்றீங்களா? ஆறும்."

அத்தான் பழக்கதோஷத்தில், "பெருசுன்னா, இந்த அளவா..." என்று தொடங்கினார். முடிக்கவில்லை. அவர் பார்வை ஒரு கணம் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம், கவுண்டர் இருக்கும் திசைக்குப் போய் வந்தது.

பிறகு சுவரில் தொங்கிய பழைய மாதக் காலண்டரைக் கழற்றினார். தாள் தாளாகக் கிழித்தார். தடித்த மார்க்கரை எடுத்துக்கொண்டு, தாளின் பின்பக்கத்தில், ஒரு தாளுக்கு ஒரு வரியாக, சுரைக்காய் அளவு எழுத்தில் எழுதத் தொடங்கினார். ஒவ்வொன்றாக வாங்கி லென்ஸ்காரன் சுவரில் ஒட்டினான். தையலம்மா நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு, தாளுக்குக் கிட்டத்தில் முகத்தை வைத்து, பக்கவாட்டில் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். வெயில்தான் காத்திருக்கிறது என்று முடித்தபோது அவர் குரல் பழையபடி ஆகியிருந்தது. நான்காவதற்கு நிதானமாக வந்தார். ஐந்தாவதை மெல்லிய குரலில் படித்தார்.

ஆறாவது தாளை எழுத அத்தானுக்கு நேரம் பிடித்தது. மேலே இடமில்லாததால் லென்ஸ்காரன் அதைக் கீழே, தரைக்குப் பக்கத்தில் ஒட்டவேண்டியிருந்தது. ஒட்டும்போதே படித்தான். கண்ணாடி இல்லாமலே தெரிந்தது.

*நிமிர்ந்து பார், எழுதியவன் எதிரில்தான் இருக்கிறான்.*

தையலம்மா குனிந்து அதைப் படித்து முடித்தார். முடித்ததும், பதினோரு வருடத்துக்கு முன்னால் என்ன செய்தாரோ அதையே செய்தார். நிமிர்ந்து அத்தான் இருந்த திசையைப் பார்த்தார். நேரே பார்த்தால் தெரியாது என்பதால் கொஞ்சம் தள்ளிப் பார்த்தார். அத்தான் மார்க்கருக்கு மூடி போடுவதில் மும்முரமாக இருந்தார்.

"எனக்காக எழுதினது இல்லன்னு அன்னைக்கே தெரியும்" என்றார் தையலம்மா. "யாருக்கோ இலை போட்டிருக்கீங்க. பசியில நான் உட்கார்ந்துட்டேன். எனக்கு வயிறு நிறைஞ்சுது, அவ்வளவுதான்."

"யாருக்குத்தான் அத்தான் எழுதினது?" என்றான் லென்ஸ்காரன்.

அத்தான் மூடியைப் போட்டார், கழற்றினார். "உனக்கு ஞாபகம் இருக்கா, பத்தொன்பது வருஷம் முன்னாடி, நீ அப்ப வெளியூர்ல இருந்தே. வீட்டுல ஒரு தொட்டில் வாங்கினோம். பிரிக்காமலே திருப்பிக் குடுத்தோம். அதுக்கப்புறம் ஏழெட்டு மாசம் உங்க அக்கா யாரோடயும் பேசல. கண்ணு வலிக்குதுன்னு மட்டும் சொன்னா. கண்ணுல ஒண்ணும் இல்ல." ஒரு மூச்சு விட்டுக்கொண்டார். இவ்வளவு நீளமாக, அதுவும் கேள்விக்குறி இல்லாமல், அவர் பேசி லென்ஸ்காரன் பார்த்ததில்லை. "எனக்குத் தெரிஞ்சது கண்ணு டெஸ்ட் பண்றது ஒண்ணுதான். அதனால இதை எழுதி, அச்சடிச்சு, அவளை இந்த நாற்காலியில உட்கார வச்சு கையில குடுத்தேன். படிச்சா. எத்தனை வரி தெரியுதுன்னு கேட்டேன். அஞ்சுன்னா. எழுந்து போயிட்டா."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. ஆறாவது வரி படிக்காதவளுக்கு அது கம்பெனி அட்டைதானே. தூக்கிப் போட மனசு வரல. வேற யாராவது ஆறைப் படிச்சுட்டு என்னை நிமிர்ந்து பார்த்தா எங்கே போய் முகத்தை வச்சுக்கறது? அஞ்சுலயே வாங்கிக்கிட்டேன்."

பத்தொன்பது வருடம். லென்ஸ்காரன் மனதுக்குள் கூட்டிப் பார்த்தான். பஸ் டிரைவர், மருந்துக்கடைக்காரர், முகம் தெரியாத எத்தனையோ பேர், ஒவ்வொருவராக அதே நாற்காலியில் உட்கார்ந்து, இந்த மனிதர் தன் பெண்டாட்டிக்கு எழுதியதை இவருக்கே உரக்கப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். இவரும் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்திருக்கிறார்.

"என்ன, கவுண்டர்ல நான் ஒருத்தி மட்டும் இருக்கேன், மூணு பேரும் இங்க..." என்று திரைச்சீலையை விலக்கிக்கொண்டு அக்கா வந்தாள். சுவரைப் பார்த்தாள். பேச்சு பாதியில் நின்றது.

மேல்தாளிலிருந்து அவள் கண் இறங்கியது. அவசரப்படாமல், ஒவ்வொரு தாளாக. ஐந்தாவது தாளில் கொஞ்சம் நின்றது.

அத்தான் சுவர்ப்பக்கம் திரும்பி, மாட்டுவதற்குக் காலண்டரே இல்லாத ஆணியைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன்" என்றான் லென்ஸ்காரன்.

"கடையில ஆள் வந்திருக்காங்கடா. அந்த பிளாஸ்டிக் ஃப்ரேம்காரர். பத்து நிமிஷம்னு சொன்னியாம், மூணு நாளாச்சாம்."

"அவர் உட்காரட்டும். வெளியே வெயில்தான் காத்திருக்கு. அன்னைக்கு அத்தான் இந்த அட்டையை உன் கையில குடுத்தாரில்ல, அதைக் கேக்கறேன்."

"எந்த அன்னைக்கு? ஆயிரம் நாள் இருக்கு."

"அக்கா. மூணு நாளா ஊர் பூரா சுத்திட்டேன். டிப்போ, மருந்துக்கடை, தையலம்மா வீடு. ஒருத்தர்கூட நேரா பதில் சொல்லல. நீயாவது சுத்தி வளைக்காம சொல்லு. அன்னைக்கு உனக்கு எத்தனை வரி தெரிஞ்சுது?"

தையலம்மா தலையைச் சற்றே சாய்த்துக்கொண்டார். ஆணியில் இருந்த அத்தானின் கை அசையவில்லை.

அக்கா குனிந்து, தரைக்குப் பக்கத்தில் இருந்த கடைசித் தாளைப் பார்த்தாள். நிறைய நேரம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, தம்பியைத் தாண்டி, ஆணியருகில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற மனிதரைப் பார்த்தாள்.

"ஆறும் தெரிஞ்சுதுடா" என்றாள்.